கண்டி மலையில் கட்டிய தொங்குபாலம்: 'இந்தியானா ஜோன்ஸ்' படங்கள் உருவான கதைப் புத்தகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் கடந்த சில மாதங்களாக ஒரே புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் படித்து வருகிறோம். கூட்டத்துக்கு வந்தவர்களும், வர முடியாமல் பிறகு தொலைபேசியில் விசாரித்தவர்களும், ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் எழுதிக் கேட்டவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தப் பக்கம்.

நீங்கள் படிப்பது எந்தப் புத்தகம்?

2008 ஆம் ஆண்டு வெளிவந்த, இந்தியானா ஜோன்ஸ் படங்கள் உருவான முழுக்கதையைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம். ஜே. டபிள்யூ. ரின்ஸ்லர், லோரன் பூசரோ ஆகிய இருவரின் உழைப்பு. ரின்ஸ்லர் இந்தப் படங்களின் கதையை உருவாக்கிய தயாரிப்பாளர் ஜோர்ஜ் லூகாஸின் நிறுவனத்திலேயே வேலை செய்தவர் என்பதால் அந்நிறுவனத்தின் பழைய கோப்புகளும் நிழற்படங்களும் அவர் கைக்கு எட்டின. பூசரோ படக்குழுவினரோடு நேர்காணல்கள் நடத்தியவர். 1981, 1984, 1989, 2008 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு படங்களும் இதில் உண்டு. 2023 இல் வந்த ஐந்தாவது படம் இயல்பாகவே இல்லை. நாங்கள் நிதானமாக ஊன்றிப் படித்தது 'டெம்பிள் ஒஃப் டூம்' என்ற இரண்டாவது படத்தைப் பற்றிய பகுதியைத்தான். காரணம் சொல்லத் தேவையில்லை, அது நம் மலையில் எடுக்கப்பட்ட படம்.

படங்களைப் பார்க்காதவர்கள் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் பாதிச் சுவைதான் கிடைக்கும். குறைந்தது இரண்டாவது படத்தையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

மொழி எளிமையானதுதான்; கலைச்சொற்கள்தான் இடறும். எங்கள் வட்டத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பத்தியை வாசிப்பார், இன்னொருவர் அதைத் தமிழில் சொல்லுவார். முதல் கூட்டத்திலேயே 'இரண்டாம் யூனிட்' என்றால் என்ன என்பதில் அரைமணி நேரம் போய்விட்டது. முக்கிய நடிகர்களும் இயக்குநரும் ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அவர்கள் இல்லாமலே எடுக்கக்கூடிய நிலக்காட்சிகளையும் சாகசங்களையும் வேறோர் இடத்தில் எடுக்கும் சிறு குழுவே அது. இதைப் புரிந்துகொண்டால், ஒரே காட்சியின் துண்டுகள் வெவ்வேறு நாடுகளில் எப்படி எடுக்கப்பட்டன என்பது தானாக விளங்கிவிடும்.

கதை நடப்பது வட இந்தியாவில். பிறகு ஏன் கண்டியில் எடுத்தார்கள்?

முதலில் இந்தியாவிலேயே எடுக்கத்தான் திட்டமிட்டார்கள். ராஜஸ்தானத்து அரண்மனைகளை இடம் பார்த்தும் வைத்திருந்தார்கள். திரைக்கதையைப் படித்த இந்திய அரசு அது நாட்டை இழிவாகக் காட்டுவதாகக் கருதியது. சில மாற்றங்களைக் கேட்டது, முடிந்த படத்தின் இறுதி வடிவத்தில் தனக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும் என்றது. படக்குழு அதற்கு உடன்படவில்லை. ஆகவே கிராமத்துக்கும் காட்டுக்கும் பாலத்துக்கும் இலங்கை, அரண்மனைக்கு லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போட்ட செட்டும் கண்ணாடியில் தீட்டிய ஓவியமும் என்று முடிவாயிற்று. தூரத்தில் மலை உச்சியில் தெரியும் அந்த மாளிகை எந்த மலையிலும் கட்டப்பட்டதல்ல.

படப்பிடிப்பு 1983 ஏப்ரல் 18 அன்று கண்டியில் தொடங்கியது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து நான்கே நாள். தோட்டங்களில் வருடப்பிறப்புப் பலகாரம் கூடத் தீர்ந்திருக்காது. மே மாத முதல் வாரத்தில், தென்மேற்குப் பருவமழை இறங்குமுன், குழு எல்ஸ்ட்ரீக்குப் போய்விட்டது. ஆக, நம் ஊரில் அவர்கள் இருந்தது ஏறக்குறைய மூன்று வாரம் மட்டுமே. 'மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள்' என்று ஊரில் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும், செட் போட வந்தவர்கள் முன்கூட்டியே வந்திருந்தாலும்.

கிராமத்தின் செட் எங்கே இருந்தது?

ஹந்தானையில். தண்ணீர் வற்றி, குழந்தைகள் காணாமற்போய், கல் ஒன்றைப் பறிகொடுத்த மாயாபூர் கிராமத்தை அங்கேதான் அமைத்தார்கள். இன்று தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஏறுவதும் அந்த மலைத்தொடரில்தான். நம் கண்ணுக்கு அது கொழுந்து மலை. பச்சை வற்றாத இடம். அங்கே வறண்ட கிராமத்தைக் காட்ட வேண்டுமென்றால் பச்சையை மறைக்க வேண்டும். மண்ணும் புழுதியும் சேர்த்து, மரங்களைக் காய்ந்தவை போல ஆக்கி, சட்டகத்துக்குள் தேயிலை வராதபடி கமெராவைத் திருப்பியிருக்கிறார்கள். படத்தை மறுபடி பார்க்கும்போது, கமெரா எந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். செட் போடுகிறவனின் திறமை பாதி அதில்தான் இருக்கிறது.

அந்தத் தொங்குபாலம் உண்மையானதா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆம், உண்மையானது. மனிதர் நடந்து போன, நடிகர் ஓடிய, பிறகு உண்மையாகவே அறுக்கப்பட்ட பாலம்.

அந்தக் காலத்தில் மகாவலி கங்கையில் விக்டோரியா அணையின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட, 122 மீற்றர் உயரமான வளைவு அணை. 1985 இல் திறக்கப்பட்டது. தெல்தெனியப் பழைய நகரத்தை நீருக்குள் அனுப்பியதும் அதுவே. அணைக்கு அருகே ஓர் ஆழமான பள்ளத்தாக்கைப் படக்குழு தேர்ந்தெடுத்தது. அதில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு இடத்தின் அழகு அல்ல, பக்கத்திலேயே இருந்த பொறியியலாளர்கள். பாறையில் துளையிட்டு இரும்பு வடங்களை இறுக்கிக் கட்டத் தெரிந்தவர்களும் அதற்கான இயந்திரங்களும் அணைக்கட்டு வேலைத்தளத்திலேயே இருந்ததால், பாலம் கட்டும் வேலையில் அவர்களுடைய உதவி கிடைத்தது. வெளியே கயிறும் பலகையுமாகப் பழம்பாலம். உள்ளே அதைத் தாங்குவது இரும்பு வடம். கயிற்றை நம்பி நடித்தவர்கள் உண்மையில் இரும்பை நம்பித்தான் நின்றார்கள்.

இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்குக்கு உயரம் என்றால் பயம். பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போக அவர் மறுத்து, ஒவ்வொரு முறையும் வாகனத்தில் சுற்றுப்பாதையாகப் போனதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். மலையில் பிறந்து, ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போன எங்கள் வட்டத்து அங்கத்தவர் ஒருவர் இந்த இடத்தில் 'அவருக்கு எங்கள் ஊர்ப் பாலத்தைக் காட்டியிருக்க வேண்டும்' என்றார். அவர் சொன்னது இரண்டு பலகை போன பாலம்.

பாலம் அறும்போது விழுகிறவர்கள் யார்?

பொம்மைகள். ஆனால் சும்மா பொம்மைகள் அல்ல. துணி அடைத்த பொம்மை விழும்போது கல் போல விழும். பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆகவே ஜோர்ஜ் கிப்ஸின் விசேட விளைவுக் குழு, விழும்போது கையையும் காலையும் உதறிக்கொண்டு போகும் வகையில் உள்ளே பொறி வைத்த பொம்மைகளைச் செய்தது. வடங்களைச் சிறு வெடிகளால் அறுத்தார்கள். பாலம் ஒன்றுதான், அறுப்பதும் ஒரு முறைதான். 'இன்னொரு டேக்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே பல கமெராக்களைப் பல கோணங்களில் நிறுத்தி ஒரே தடவையில் எடுத்தார்கள்.

அறுந்த பாலம் ஏணி போலத் தொங்க, நடிகர்கள் அதில் பிடித்து ஏறும் காட்சி எல்ஸ்ட்ரீயில் செட் போட்டு எடுத்தது. கீழே வாய் பிளக்கும் முதலைகளை அமெரிக்காவில் புளோரிடாவில் படம் பிடித்தார்கள். மேலே மகாவலிப் பள்ளத்தாக்கு, நடுவே இங்கிலாந்து, கீழே புளோரிடா. விழுகிறவன் மூன்று நாட்டைக் கடந்து விழுகிறான்.

கித்துல்கலயில் உள்ள பாலம் இதுதானா?

இல்லை. கித்துல்கலயில் களனி கங்கையின் மேல் கட்டப்பட்டது 'குவாய் நதிப் பாலம்' படத்துக்கானது. டேவிட் லீன் இயக்கிய, 1957 இல் வெளிவந்த வேறு படம். அதுவும் கடைசியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நம் நாட்டில் வெளிநாட்டார் கட்டும் சினிமாப் பாலங்களுக்கு இந்த விதிதான் போலும்.

கிராமத்தார் பேசுவது எந்த மொழி? எங்களுக்கு விளங்கியதே!

சிங்களம். கதைப்படி அது வட இந்தியக் கிராமம். பேசுகிறவர்கள் கண்டிப் பக்கத்து மனிதர்கள். உலகம் முழுவதும் பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஓர் இந்திய மொழியாகவே காதில் விழுந்தது. எங்கள் கூட்டத்தில் இந்தக் காட்சியைப் போட்டபோது, தோட்டத்தில் வளர்ந்து சிங்களப் பாடசாலையில் படித்த அக்கா ஒருவர் சட்டென்று எழுந்து, 'நிறுத்துங்கள், மறுபடி போடுங்கள்' என்றார். மூன்று முறை போட்டோம். மூன்றாம் முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். படத்தின் கதை அவருக்கு மறந்துபோய், சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களின் குரல்தான் காதில் இருந்தது என்று பிறகு சொன்னார்.

கிராமத்து மூத்தவராக வருபவர் டி. ஆர். நாணயக்கார என்ற சிங்களத் திரைப்பட நடிகர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பீல்பேர்க் கமெராவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு தொடராகச் சொல்ல, அவர் அதைக் கேட்டு அதே ஒலியில் திருப்பிச் சொன்னார். இந்தக் கதையை அறிந்த பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையே அவர் நிறுத்துகிறார், எங்கோ ஒரு கணம் செவி கொடுக்கிறார், பிறகு பேசுகிறார். தெய்வ வாக்குக் கேட்டுச் சொல்லும் பெரியவரின் தயக்கமாக நாம் நினைத்தது, உண்மையில் இயக்குநரின் குரலுக்கான காத்திருப்பு. ஒரு குறை எப்படி நடிப்பாக மாறியது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்தச் சினிமாப் புத்தகத்திலும் கண்டதில்லை.

நாயகனாக நடித்த ஹரிசன் போர்ட் இங்கே காயப்பட்டாரா?

யானைச் சவாரியில் அவருடைய முதுகு கெட்டது. யானையின் மேல் பல மணி நேரம் காலை அகட்டி உட்கார்ந்திருப்பதில் இடுப்பும் முதுகும் என்ன பாடுபடும் என்பதைப் பெரஹெராவில் யானை மேல் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். எல்ஸ்ட்ரீக்குப் போன பிறகு முதுகெலும்பு வட்டு பிதுங்கி, நிற்கவும் முடியாமல் போயிற்று. அவரை லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே கொடுத்த சிகிச்சைதான் நமக்குச் சுவாரசியமானது: பப்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஒரு நொதியத்தை வட்டுக்குள் ஊசியாக ஏற்றினார்கள். இறைச்சி வேகப் பப்பாசிக் காயைப் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் குணத்தை விளக்கத் தேவையில்லை. புரதத்தைக் கரைக்கும் அதே குணம்தான் அங்கேயும் வேலை செய்தது.

அவர் இல்லாத ஐந்து வாரங்களும் படப்பிடிப்பு நிற்கவில்லை. விக் ஆம்ஸ்ட்ரோங் என்ற சாகசக் கலைஞர் டூப்பாக நின்றார். முதுகுப்புறமும் தொப்பியும் தெரியும் ஷொட்டுகளையெல்லாம் அவரை வைத்து எடுத்து முடித்து, நாயகன் திரும்பி வந்ததும் முகம் தெரியும் ஷொட்டுகளை மட்டும் சேர்த்தார்கள். இந்த ஒட்டுவேலையைத் திரையில் கண்டுபிடிக்க எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டினார்கள், இருவரும் தோற்றார்கள்.

யானை சட்டையைத் தின்றது என்பது உண்மையா?

உண்மை. நாயகி கேட் கப்ஷோ படத்தின் தொடக்கத்தில் அணிந்துவரும் மணிகள் பதித்த ஆடை, 1920களையும் 30களையும் சேர்ந்த பழைய மணிகளைக் கொண்டு தைத்தது. அதே மாதிரி இன்னொன்று தைக்க மணி கிடைக்காது என்பதால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காட்டில் இரவு தங்கும் காட்சியில் அந்த ஆடை மரக்கிளையில் தொங்க, யானை ஒன்று அதன் முதுகுப்பக்கத்தை மென்றுவிட்டது. மீந்த மணிகளை வைத்து ஒட்டுப் போட்டார்கள். ஆடை வடிவமைப்பாளர் அன்டனி பவல் காப்புறுதிப் படிவத்தில், சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில், யானை தின்றுவிட்டது என்று எழுத வேண்டியதாயிற்று.

காளியை அப்படிக் காட்டியது சரியா?

சரியல்ல என்பதே என் கருத்து; வட்டத்தில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற தக்கர்கள் என்ற கொள்ளைக் கூட்டத்தாரைப் பிரித்தானிய அதிகாரி வில்லியம் ஸ்லீமன் 1830களில் ஒடுக்கினார் என்பது வரலாற்றில் உள்ளது. அவர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதி வைத்தவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் விவாதம் உண்டு. படம் அந்த மிகையையும் தாண்டி, 1935 இல் அவர்கள் ஒரு சுரங்கக் கோயிலில் காளிக்குப் பலியாக மனிதரின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பறிப்பதாகக் காட்டுகிறது. அதைச் செய்யும் பூசாரியாக அம்ரிஷ் பூரி நடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் காளிக்கும் மாரிக்கும் கோயில் கட்டி, கரகம் எடுத்து, தீ மிதித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வேப்பிலையோடு ஓடுகிற நமக்கு அந்தக் காளி யாரோ அந்நியர். படத்தில் வரும் குரங்கு மூளை விருந்தும் அப்படித்தான். அந்த மூளை கஸ்டர்டும் பழச்சாறும் சேர்த்துச் செய்த இனிப்பு என்பது தெரிந்த பிறகும் கசப்புப் போகவில்லை. இந்தியாவிலும் படத்துக்குச் சிறிது காலம் தடை இருந்தது.

1983 என்றால், கலவரக் காலத்தில் அவர்கள் இங்கே இருந்தார்களா?

இல்லை. மே மாதத்திலேயே போய்விட்டார்கள். ஜூலை 24 அன்று கொழும்பில் தொடங்கிய வன்செயல் அந்த வாரத்திலேயே கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் பரவியது. கடைகள் எரிந்தன, லயங்களிலிருந்து சனம் காட்டுக்குள் ஓடியது. ஹந்தானையில் பொய்யான பாழ் கிராமம் ஒன்றைக் கட்டிப் படம் பிடித்துப் போய் மூன்று மாதம் கூட ஆகவில்லை. ஒரு படம் உருவான கதையைச் சொல்லும் புத்தகத்திடம் இதையும் எழுதச் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் ஏப்ரல் 1983 என்ற எழுத்தைப் பார்த்ததும் எங்களில் மூத்தவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு அடுத்த மாதங்களைப் பற்றித்தான் பேசினார்கள்.

நிறுவனத்தார் தாங்களே வெளியிட்ட புத்தகத்தை எவ்வளவு நம்பலாம்?

திகதி, இடம், செய்முறை ஆகியவற்றில் நன்றாகவே நம்பலாம், மூலக் கோப்புகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. மனக்கசப்புகளில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் இந்தப் படத்தைப் பொறுத்தவரை படக்குழுவே பெருமையடித்துக்கொள்ளவில்லை. கதை இவ்வளவு இருண்டு போனதற்கு அப்போது லூகாஸ் மணவிலக்கு வேதனையில் இருந்தது ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்பீல்பேர்க்கும் இந்தப் படத்தில் தமக்குத் திருப்தி இல்லை என்று பின்னர் கூறினார். கேட் கப்ஷோவைச் சந்தித்ததே அதில் கிடைத்த நன்மை என்றார். இருவரும் 1991 இல் மணம் செய்துகொண்டார்கள்.

என் குறை வேறு. இவ்வகைப் புத்தகங்கள் இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர், துறைத்தலைவர்கள் ஆகியோரின் குரலால் கட்டப்படுகின்றன. வடத்தை மலையேற்றித் தோளில் சுமந்தவன், புழுதி கொட்டியவள், யானையைக் கட்டிப்போட்டு நின்ற பாகன் ஆகியோரின் குரல் அவற்றில் அரிது. இலங்கை வேலைகளை ஒழுங்குபடுத்தியவர்களுள் சந்திரன் இரத்தினம் போன்றோரின் பெயராவது பதிவாகியிருக்கிறது. கூலிக்குப் போனவர்களின் கதையை நாம்தான் கேட்டு எழுத வேண்டும். அப்போது இருபது வயதாயிருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில், உங்கள் லயத்தில், அந்த நாளில் ஹந்தானைக்கோ அணைப் பக்கமோ வேலைக்குப் போனவர்கள் இருந்தால், கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து கொண்டு வாருங்கள். எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள், பகல் சாப்பாடு என்ன என்பது வரை கேளுங்கள்.

பாலத்தை இப்போது போய்ப் பார்க்கலாமா?

அறுத்த பாலத்தை எங்கே பார்ப்பது! விக்டோரியா அணையைப் பார்க்கலாம். கண்டியிலிருந்து ஒரு பகல் பயணம்.

பிள்ளைகளோடு படிக்கலாமா?

புத்தகத்தைப் படிக்கலாம். படத்தைப் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் போடாதீர்கள். இந்தப் படமும் அதே ஆண்டில் வந்த இன்னொரு படமும் எழுப்பிய முறைப்பாடுகளால்தான் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கான தனி எச்சரிக்கைத் தரம் 1984 இல் உருவாயிற்று. பெரிய பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது சுரங்க வண்டித் துரத்தலைப் பற்றிய பக்கங்களை. வர்ணம் பூசிய அலுமினியத் தாளைக் கசக்கிச் சுரங்கமாக்கி, சிறு பொம்மை வண்டிகளை ஓடவிட்டு, அந்தச் சிறிய இடத்துக்குள் நுழையும்படி சாதாரண நிக்கொன் நிழற்படக் கமெராவை மாற்றியமைத்து எடுத்தார்கள். இதைப் படித்த மறுநாளே ஒரு பையன் அம்மாவின் சமையலறையிலிருந்து தாள் சுருளோடு வந்து நின்றான்.

புத்தகத்தை இரவல் தருவீர்களா?

இரண்டு வாரத்துக்குத் தருவோம், கண்டிக்கு வந்து கையொப்பமிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். இருப்பது ஒரே பிரதி, கனமானது, பளபளப்பான தாள். நுவரெலியாப் பக்கம் கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து பொலித்தீன் உறையோடு கொண்டுபோய், அடுப்படிக்கு அருகே அல்லாமல் காய்ந்த அலுமாரியில் வையுங்கள். சென்ற முறை தலவாக்கலைக்குப் போய் வந்தபோது பாலத்தின் படமுள்ள பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தெடுக்க ஒரு பின்னேரம் முழுவதும் ஆயிற்று.